குப்பியில் எதுவும் முளைக்கவில்லை

“வளர்ச்சி இல்லை” என்று டாக்டர் ஸ்டெல்லா சொன்ன அன்று, நான் அவர் காலில் விழாத குறைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு என்னவோ கெட்ட செய்தி வந்துவிட்டதென்று நினைத்து விசிறிவிட்டார்கள். அவர்கள் நினைத்ததுதான் சரி என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது ஊசியெல்லாம் முடிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கிவிட்டேன். “ஆறின புண்ணைப் போட்டு எதுக்கு நோண்டறே?” என்கிறார் என் கணவர் துரைசாமி. ஆறியிருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

சேலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. அவருக்குக் கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. அஸ்தம்பட்டியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் மகள் கோகிலாவுக்கு அப்போது நான்கு வயது. ஐப்பசி மழையில் பிடித்த இருமல் மார்கழியிலும் விடவில்லை. சாக்பீஸ் தூசி என்றேன். கடுக்காய், சித்தரத்தை, வெற்றிலைச் சாறு என்று எல்லா மருந்தும் ஆயிற்று. ஒரு நாள் காலையில் முந்தானையில் துப்பியபோது சளியோடு குங்குமம் கரைத்த மாதிரி ஒரு கோடு. அதைக் கசக்கிக் கழுவிவிட்டு யாருக்கும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். மறுநாளும் வந்தது. அன்று சொன்னேன்.

நெஞ்சு நோய்க்கென்று சேலத்துக்கு வெளியே ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே போய் வரிசையில் உட்கார்ந்தபோதுதான் இருமலில் எத்தனை வகை உண்டென்று தெரிந்துகொண்டேன். முன்னால் இருந்தவர் இருமினால் பின்னால் இருந்தவர் முகத்தைத் திருப்புவார். பிறகு அவர் இருமுவார். எல்லோரும் எல்லோருக்கும் பயந்தபடி, ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கம் லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. அது புதுப் புண்ணா, எப்போதோ வந்து ஆறிய தழும்பா என்று படம் சொல்லாது. காலையில் எழுந்ததும் வருகிற சளியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி இருந்தால் சிவப்புக் குச்சிகளாகத் தெரியுமாம். அடுத்தடுத்த நாட்களில் பார்த்தும் என் சளியில் எதுவும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். டாக்டர் ஸ்டெல்லா தலையை ஆட்டினார். அவர்தான் அங்கே வார்டையும் பார்த்து ஆய்வுக்கூடத்தையும் பார்த்துக்கொண்டவர்.

“நிறையக் கிருமி இருந்தாத்தான் கண்ணாடியில தெரியும், டீச்சர். கொஞ்சமா இருந்தாத் தப்பிச்சிடும். கல்ச்சர் போட்டாத்தான் உறுதியாச் சொல்லலாம்.”

“அப்பிடின்னா என்னங்க?”

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனார். டீச்சர் என்பதால் எனக்குக் கிடைத்த மரியாதை அது. மரத் தாங்கியில் கட்டைவிரல் பருமனில் சின்னச் சின்னத் திருகுமூடிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இளம்பச்சை நிறத்தில் என்னவோ கெட்டியாக, சரிவாக உறைந்திருந்தது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கல்ச்சர் என்றால் நுண்ணுயிரை வளர்த்துப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குத் தீனி போட்டு, உடம்பின் சூட்டிலேயே வைத்திருந்து, ஒன்று பலவாகப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பது. அதற்குப் போடுகிற தீனிக்கு ஊடகம் என்று பெயர். எந்தக் கிருமிக்கு எது பிடிக்குமோ அதை வைத்து ஊடகம் செய்வார்கள். காசநோய்க் கிருமிக்குப் பிடித்தது கோழி முட்டை. முட்டையை உடைத்து அடித்து, துணியில் வடிகட்டி, உப்பு வகைகளும் கிளிசரினும் சேர்த்து, வேறு கிருமிகள் தலையெடுக்காமல் இருக்க ஒரு பச்சைச் சாயமும் கலந்து, குப்பியில் ஊற்றிச் சாய்த்து வைத்து, கொதிக்காத அளவுச் சூட்டில் உறையவிடுவார்கள். சாய்த்து வைப்பது பரப்பு அதிகம் கிடைப்பதற்காக. அந்தச் சரிவின்மேல், சுத்தப்படுத்திய சளியைத் துளி விட்டுப் பரப்பி, வெப்பப் பெட்டியில் வைப்பார்கள். கிருமி இருந்தால், காய்ந்த ரொட்டித்தூள் சிந்தின மாதிரி வெளிர்மஞ்சளாகப் பொருக்குப் பொருக்காக வளரும்.

“நாத்தங்கால்ல வெதச்சுப் பாக்கற மாதிரிங்களா?”

“அதேதான். ஆனா இது சோம்பேறி விதை. மத்த கிருமி ஒரு ராத்திரியில வளரும். இது எட்டு வாரம் கூட எடுக்கும். அதுவரைக்கும் குழந்தை உங்க பக்கத்துல வரக்கூடாது. முளைச்சா மருந்து ஆரம்பிப்போம். முளைக்கலேன்னா குழந்தையைத் தூக்கிக்கலாம்.”

எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். கோகிலாவைத் தூக்கலாமா, கூடாதா? என் உயிரைப் பற்றிக்கூட நான் அவ்வளவு நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் என் தம்பி செங்கோட்டுவேல். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் அப்பாவின் நிலத்தில் நிலக்கடலையை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணை போட்டிருந்தான். அப்போது நாமக்கல் சுற்றுவட்டாரமே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். வாழை போட்டவன் தார் கொண்டுவருவான், எருமை வைத்திருப்பவன் தயிர் கொண்டுவருவான். தம்பி கொண்டுவந்தது முட்டை. எனக்கு ஒரு அட்டை, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு அட்டை. ஒன்றுபோல வெள்ளையாக, அழுக்கில்லாமல், அன்றைக்கு இட்டவை.

டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வழக்கமாகச் சந்தையில் நாட்டுக்கோழி முட்டைதான் வாங்குவார்களாம். அது எப்போதும் புதிதாகக் கிடைப்பதில்லை, பாதி கூமுட்டையாகப் போகிறது என்று சலித்துக்கொண்டார். பிறகு தம்பியிடம் கேட்டார்.

“உங்க கோழிக்கு ஏதாவது மருந்து, ஊசி போடறீங்களா? கோழிக்குப் போட்ட மருந்து முட்டையில இறங்கும். அந்த முட்டையில ஊடகம் பண்ணினா, கிருமி இருந்தாலும் வளராது. அதனால கேட்கிறேன்.”

“ஐயய்யோ, மருந்தா? ஒரு சொட்டு கெடயாதுங்க டாக்டரம்மா. கம்பு, மக்காச்சோளம், தவிட்டுப் புண்ணாக்கு, கெணத்துத் தண்ணி. அவ்வளவுதானுங்க.”

“நிச்சயமா?”

அவன் என் பக்கம் திரும்பினான். என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தான். “என்ற அக்கா தலமேல அடிச்சுச் சொல்றனுங்க. வாராவாரம் நானே கொண்டாந்து குடுக்கறேன். எங்க அக்காவுக்கு வைத்தியம் பாக்கறீங்க, இதுகூடச் செய்யலீன்னா எப்பிடி?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று டாக்டரிடம் பெருமையோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

தம்பியின் முட்டையில் செய்த குப்பியில் என் சளியை விதைத்தார்கள். காய்ச்சல் இருந்ததால் என்னை வார்டில் சேர்த்தார்கள். வெளியே என்ன சொல்வதென்று முடிவு செய்தது என் அம்மா. டி.பி. என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள், தம்பிக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், நாளைக்குக் கோகிலாவை எவன் கட்டுவான் என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு எதிர்த்துப் பேச மூச்சும் இல்லை, மனமும் இல்லை. டீச்சர் பயிற்சிக்காக மதுரைக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் வீட்டார் கெட்டிக்காரர்கள். எதை எதையெல்லாம் மறைப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

கோகிலாவை மல்லசமுத்திரத்தில் என் கணவரின் அக்கா வீட்டில் விட்டோம். அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் குழந்தையைக் கூட்டிவந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நிறுத்துவார். நான் மாடி வராந்தாவில் நிற்பேன். முதல் முறை கோகிலா, “அம்மா, எறங்கி வா” என்று கத்தினாள். அடுத்த முறை கத்தவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். கத்தாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நங்கையா ஒரு தடவை என் கணவரிடம் ஒரு நூலைக் கொடுத்தனுப்பினார். குழந்தையை நிற்கவைத்து உச்சி முதல் பாதம் வரை அளந்து வெட்டிய நூல். “எவ்வளவு வளந்திருக்கான்னு அவ பாத்துக்கட்டும்” என்றாராம். அதைக் கட்டில் கம்பியில் கட்டிவைத்துக்கொண்டேன்.

என் கணவர் அலுவலகம் விட்டதும் சைக்கிளில் வருவார். பிளாஸ்க்கில் கஞ்சி, தொட்டுக்கொள்ள நார்த்தங்காய். காய்ச்சலில் என்னால் சிக்கெடுக்க முடியாதபோது அவரே தலைவாரிவிட்டார். பின்னல் போடத் தெரியாமல் கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கினார். அடுத்த கட்டில் பெண்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே கைநீட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தனி அறை, தனித் தட்டு. பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் உள்ளேயே கிடந்தேன். வாரம் ஒரு முறை போய்க் குப்பியைப் பார்ப்பேன். டாக்டர் வெப்பப் பெட்டியைத் திறந்து என் குப்பியை வெளிச்சத்தில் காட்டுவார். பச்சைச் சரிவு அப்படியே பளபளவென்று இருக்கும். எங்கள் ஊரில் விதை முளைக்கவேண்டுமென்று சாமி கும்பிடுவார்கள். முளைக்கக் கூடாதென்று கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எட்டு வாரம் முடிந்தது. வளர்ச்சி இல்லை. எக்ஸ்ரேயில் இருப்பது பழைய தழும்பாகத்தான் இருக்கவேண்டும், இருமல் சாதாரணச் சளி என்றார் டாக்டர். “போய்க் குழந்தையைத் தூக்குங்க.”

தூக்கினேன். நேராக மல்லசமுத்திரம் போய், பஸ்ஸில் இருந்து இறங்கிய இடத்திலேயே தூக்கினேன். அதற்குப் பிறகு இறக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஒரே போர்வைக்குள் என் மூச்சு அவள் முகத்தில் படப் படுத்தோம். அவளுக்கு ஆறவில்லை என்று சோற்றை என் வாயால் ஊதி ஊதிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஊதிக் கொடுத்தேன்.

குலசாமிக்குப் பொங்கல் வைக்க எருமப்பட்டிக்குப் போனோம். தம்பி பண்ணையில் கோகிலா விளையாடிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் பொறுக்கிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்து மண்ணுச்சோறு ஆக்கினாள். ரப்பர் அடைப்பான், மேலே தகர வளையம், சிவப்பு எழுத்துக் காகிதம். அம்மா ஓடிவந்து எல்லாவற்றையும் முறத்தில் வாரிக்கொண்டுபோனார். “தீவனக்காரன் போட்டுட்டுப் போன குப்பை சாமி, கையக் கிய்யக் கிழிச்சுப்போடும்” என்றார். பேத்தி மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் மறுபடி காய்ச்சல் வந்தது. இந்த முறை இரத்தம் கோடாக இல்லை, வாய் நிறைய வந்தது. அதே வாரம் கோகிலாவுக்குத் தலை குளிப்பாட்டும்போது கழுத்தில் என் விரல் தட்டுப்பட்டது. காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அமுக்கினால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னைக் கொன்றது. கண்டமாலை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், அதுவும் இந்தக் கிருமியின் வேலைதான்.

ஆஸ்பத்திரியில் என் சளியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள். இப்போது வளர்த்துப் பார்க்கத் தேவையே இல்லை, அவ்வளவு கிருமி. கோகிலாவின் முன்கையில் ஒரு ஊசி குத்தினார்கள். கிருமி உடம்பில் புகுந்திருந்தால் குத்திய இடம் தடித்துக்கொள்ளும். அது உருண்டு திரண்டு வீங்கியது. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். அம்மாவுக்கும் மகளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இவ்வளவு நாள் சேர்ந்து இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டது இப்படிப் பலித்தது.

மறுநாள் காலை நர்ஸ் ஊசி போட வந்தார். தட்டில் இருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து, தகர மூடியை நெம்பி, ரப்பர் அடைப்பானில் ஊசியைக் குத்தித் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். கோகிலா எட்டிப் பார்த்துக் கைதட்டினாள்.

“அம்மா, மாமன் ஊட்டுச் சொப்பு!”

நர்ஸ் சிரித்தார். “இது சொப்பு இல்ல கண்ணு, மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின்.”

“இல்ல, சொப்பு. மாமன் ஊட்ல நெறய இருக்குது. நான் சோறாக்குனன்.”

காலியான குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அதே வளையம், அதே சிவப்பு எழுத்து. காசநோய்க்குப் போடுகிற ஊசி கோழிப்பண்ணையில் என்ன செய்தது?

டாக்டர் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோழிக்குச் சளி பிடித்து முகம் வீங்கினால் இந்த ஊசியைப் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “கொஞ்ச காலமா எந்தக் குப்பியிலும் எதுவுமே முளைக்கல. சந்தேகமானவங்க சளியைத்தானே போடறோம், நோய் இல்லைபோலன்னு விட்டுட்டேன். ஒவ்வொரு தடவை ஊடகம் காய்ச்சும்போதும், கிருமி இருக்குன்னு தெரிஞ்ச சளியை ஒரு குப்பியில போட்டு, அது வளருதான்னு பார்த்திருக்கணும். என் தப்பு, டீச்சர்.”

தம்பி அப்போதும் வாராவாரம் முட்டை கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். அந்த முட்டையில் செய்த குப்பிகள் மிச்சம் இருந்தன. சந்தையில் நாட்டுக்கோழி முட்டை வாங்கிவந்து புதிதாகச் சில குப்பிகள் செய்தார்கள். இரண்டிலும் என் சளியையே விதைத்தார்கள். விதை ஒன்று, நாற்றங்கால் இரண்டு. முளைக்கவில்லை என்றால் விதையைச் சந்தேகப்படுவதா, மண்ணைச் சந்தேகப்படுவதா என்று எந்தக் குடியானவனுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாமல் போனதே என்று இன்றும் ஆச்சரியப்படுகிறேன்.

நாட்டுக்கோழிக் குப்பிகளில் ரொட்டித்தூள் மாதிரி முளைத்தது. நாளுக்கு நாள் தடித்துச் சரிவையே மூடியது. தம்பியின் முட்டைக் குப்பிகள் கடைசிவரை பச்சைப் பசேலென்று அப்படியே இருந்தன.

அவனுக்குச் சொல்லியனுப்பினேன். எதற்கென்று சொல்லவில்லை. வந்தான், கையில் முட்டை அட்டையோடு. ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு குப்பிகளையும் அவன் கையில் கொடுக்கச் சொன்னேன். மூடி இறுக்கமாக இருந்தது, பயமில்லை.

“இது சந்தை முட்டை. இது உன் முட்டை” என்றேன்.

மாறி மாறிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்கக்கா! சந்த முட்டையில எப்பிடிப் பூசணம் புடிச்சுக் கெடக்குது. நம்முளுது பாருங்க, எவ்வளவு சுத்தம்!”

உண்மையாகவே புரியாமல் சொன்னானா, புரிந்துகொண்டு நடித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர்தான் நிதானமாக விளக்கினார். பேசப் பேச அவன் முகம் சுண்டியது. குப்பிகளை மேசைமேல் வைத்தான்.

“ஊசி போட்டியா இல்லயா?” என்று கேட்டேன்.

“பண்ணையில சீக்கு வந்துருச்சுங்கக்கா. மூஞ்சி மூஞ்சியா வீங்கி உழுந்துது. போடாம எப்பிடி உடறது?”

“அன்னிக்கு டாக்டர் கேட்டாங்களே. எந்தலையில கைய வெச்சியேடா.”

“பண்ணையில சீக்குன்னு வாயத் தொறந்தா, முட்ட எடுக்கறவன் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருவானுங்க. அப்பறம் ஒருத்தனும் எட்டிப் பாக்கமாட்டான். எந்தப் பண்ணக்காரன் வெளிய சொல்றான்? நாலு முட்டையில என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சுட்டன்.”

“எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமேடா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னான். “உங்க சீக்க மட்டும் நாம ஊருக்குச் சொன்னமாங்க்கா?”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

“கோழியப் புடிச்சுக் குடுத்ததே அம்மாதானுங்க.”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பழமொழி. அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்குள் இறங்கியது. என் நெஞ்சில் என்ன இருக்கிறதென்று பார்க்கிற குப்பியில் போவது அந்த முட்டைதான் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே ஒருவர் கோழியைப் பிடிக்க, ஒருவர் ஊசியைக் குத்தியிருக்கிறார்கள். அந்த முட்டையை நம்பித்தான் நான் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டேன். எதிரி செய்திருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன். யாரைச் சபிப்பது?

அந்த அட்டையை எடுத்துப்போகச் சொன்னேன். எடுத்துக்கொண்டு போனான்.

அதே ஊடகத்தில் சளி போட்டு, நோயில்லை என்று அனுப்பப்பட்டவர்களுக்கெல்லாம் டாக்டர் கார்டு போட்டு வரவழைத்தார். சிலர் வந்தார்கள். சிலர் வரவில்லை.

அதற்குப் பிறகு நீண்ட வைத்தியம். கோழிக்குப் போட்ட அதே ஊசி எனக்கும் கோகிலாவுக்கும். எனக்குக் காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி இரைச்சல் வந்தது, நடந்தால் தரை ஆடியது. மருந்தின் அளவை மாற்றினார்கள். கோகிலாவின் கட்டி ஒரு நாள் தானாக உடைந்தது. மாதக்கணக்கில் கசிந்து, ஆறி, கழுத்தில் சுருங்கின தோலாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று நாம் சும்மா சொல்லிக்கொள்கிறோம். நான் தினமும் அந்தக் கழுத்துக்குப் பவுடர் போட்டுவிடுகிறேன்.

மருந்து முடிந்ததும் என் சளியைக் கடைசியாக ஒரு தடவை விதைத்தார்கள். நாட்டு முட்டைக் குப்பி. பக்கத்திலேயே, கிருமி உள்ள இன்னொருவர் சளியை விதைத்த குப்பி. டாக்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டினார். அதில் முளைத்திருந்தது, என்னுடையதில் முளைக்கவில்லை. “இப்பச் சொல்றேன், வளர்ச்சி இல்லை” என்றார். நான் அழவில்லை. பக்கத்துக் குப்பியை வாங்கி இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

போன தை மாதம் குலசாமி கோயிலில் கோகிலாவுக்குக் காது குத்தினோம். எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். வேறு யார் மடியாவது போதும் என்றேன். நங்கையாதான், “அவனுக்காக இல்ல, புள்ளைக்காக” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தம்பி சீர்த்தட்டோடு வந்தான். அம்மா ஓரமாக நின்றார். நான் இரண்டு பேரிடமும் பேசவில்லை.

ஆசாரி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு குழந்தையின் முடியை ஒதுக்கினார். பவுடர் வியர்வையில் கரைந்துபோய்த் தழும்பு பளிச்சென்று தெரிந்தது. முன்னால் நின்ற பங்காளி வீட்டு அம்மாள் குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க, புள்ளைக்குக் கழுத்துல என்னுங்க அது?”

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான், சிரித்துக்கொண்டே, கொஞ்சமும் தடுமாறாமல். “கொதிக்கற பால் தெறிச்சுருச்சுங்க. சின்னதுல.”

அதே குரல். ஒரு சொட்டு கெடயாதுங்க என்று சொன்ன அதே குரல். அவன் உள்ளங்கை என் மகளின் தலைமேல் இருந்தது.

“பால் இல்லீங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். “எனக்கு டி.பி. வந்துது. நான் மதுரைக்குப் போகல, ஆஸ்பத்திரியில கெடந்தன். எனக்கு இல்லைன்னு நெனச்சுப் புள்ளையத் தூக்குனன், அவளுக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேருக்கும் இப்ப நல்லாயிருச்சு.”

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்த அம்மாள் ஓரடி பின்னால் போனார். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தம்பியின் கை கோகிலாவின் தலையில் இருந்து இறங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தொடைமேல் கிடந்தது. நங்கையா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் தோளோடு தோளாக நின்றார்.

“குத்தட்டுங்களா?” என்று ஆசாரி கேட்டார்.

“குத்துங்க” என்றேன்.

கோகிலா வீறிட்டாள். மாமன் மடியில் இருந்து துள்ளி இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். தூக்கினேன். ஈரமான முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொண்டு விம்மினாள். வலி போகட்டும் என்று அவள் காதில் ஊதிவிட்டேன். இந்தத் தடவை யார் சத்தியத்தையும் நம்பி நான் ஊதவில்லை.